முன் ஷாக்கில் ஆயில் கசிவு: தோல், ரப்பர், குரோம்

அப்பாவின் பழைய 100 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு எட்டு மாசத்தில் மூணு தடவை முன் ஷாக் ஆயில் சீல் மாற்றியாச்சு. முதல் தடவை அப்பாவுக்கு இருபது வருஷமாக வண்டி பார்த்துக்கொடுக்கும் மெக்கானிக் அண்ணன் மாற்றினார். இரண்டே மாசத்தில் வலது பக்கக் கால் மறுபடி நனைந்துவிட்டது. "மட்டமான சீல் போட்டிருக்கீங்க அண்ணே" என்று கடையில் நாலு பேர் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "ராடைப் பார்க்கணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். அதைக் காதில் வாங்காமல் வேறு கடைக்குப் போனேன். பேக்கெட் பிரிக்காத நல்ல சீலாக நானே வாங்கிக் கொடுத்தேன். அது ஆறு வாரம் தாங்கியது. மூணாவது தடவை வீட்டு வாசலில் உட்கார்ந்து நானே மாற்றினேன். இருபது நாள்!

மென்பொருள் வேலையில் ஒரே பக் மூணு தடவை திரும்பி வந்தால், திருத்தியது தப்பான இடத்தில் என்று அர்த்தம். அப்படித்தான் இந்த ரப்பர் வளையத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, சீலின் கதை பாதி, அது உரசுகிற பரப்பின் கதை மீதி என்று தெரிந்தது.

முதலில் அமைப்பு. டெலஸ்கோப்பிக் ஃபோர்க் என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். மேலே ஹேண்டில் பக்கம் பிடித்து நிற்பது குரோம் பூசிய இரும்புக் குழாய். நம் மெக்கானிக்குகள் 'ராடு' என்பது இதைத்தான். கீழே சக்கரத்தோடு ஏறி இறங்குவது அலுமினிய பாட்டம். உள்ளே ஸ்பிரிங், எண்ணெய். பள்ளத்தில் விழும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடுகிறது. அந்தத் தடைதான் வண்டி குதிரை மாதிரி துள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. பாட்டத்தின் வாயில், ராடைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருப்பது ஆயில் சீல். என் வண்டியின் சீலில் 30-40.5-10.5 என்று போட்டிருக்கும். உள் விட்டம், வெளி விட்டம், உயரம், எல்லாம் மில்லிமீட்டரில்.

இந்தப் பிரச்சினை மோட்டார் சைக்கிள் பிறந்தபோதே வந்ததில்லை. 1930கள் வரை பெரும்பாலான வண்டிகளில் கர்டர் ஃபோர்க்தான். வெளியே தெரிகிற சட்டம், ஒரு ஸ்பிரிங், துள்ளலை அடக்க உராய்வு வட்டுகள். கிரீஸ் அடித்தால் போதும். எண்ணெயே இல்லாததால் எண்ணெய்க் கசிவும் இல்லை. குழாய்க்குள் குழாய் என்ற யோசனை அதற்கு முன்பே உண்டு. டென்மார்க்கின் நிம்பஸ் 1934-லேயே டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வண்டி விற்றது. ஆனால் உள்ளே எண்ணெயை வைத்துத் துள்ளலை அடக்குகிற ஃபோர்க்கைத் தொழிற்சாலை அளவில் கொண்டுவந்தது 1935-ல் பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 12, ஆர் 17 வண்டிகள். போர்க்காலத்தில், 1941-ல், பிரிட்டிஷ் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டிக்கு 'டெலிட்ராலிக்' ஃபோர்க் வந்தது. போர் முடிந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1955-லிருந்து நம்ம திருவொற்றியூரில் தயாரான புல்லட்டும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் வண்டிதான். ஆக, சொகுசு வந்த அன்றைக்கே கசிவும் கூட வந்துவிட்டது.

அந்த எண்ணெயை அடைத்து நிறுத்த எது இருந்தது? தோல்.

சைக்கிள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்டின் முனையில் கிண்ணம் மாதிரி ஒரு தோல் வாஷர் இருக்கும். காய்ந்துபோய்க் காற்று ஏறாவிட்டால் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் விரித்துவிடுவோம். எண்ணெயைக் குடித்து மெத்தென்று ஆகிற தோல், உரசுகிற பரப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் அனுசரித்துப் போகும். நீராவி காலத்திலிருந்து பம்புகளிலும் ஹைட்ராலிக் யந்திரங்களிலும் அடைப்பு வேலை பார்த்தது பெரும்பாலும் தோலும் சணலும்தான்.

அதனால்தான் உலகின் பெரிய ஆயில் சீல் கம்பெனிகளில் சிலவற்றின் பூர்வீகத்தைத் தோண்டினால் தோல் மணக்கிறது. சிகாகோவில் 1878-ல் தொடங்கிய சிகாகோ ராஹைட் கம்பெனி முதலில் தொழிற்சாலைகளுக்குத் தோல் பெல்ட் செய்தது, பிற்பாடு ஆயில் சீல், இன்று எஸ்.கே.எஃப் குழுமத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரின் ஃப்ராய்டன்பெர்க் 1849-ல் தொடங்கிய தோல் பதனிடும் நிறுவனம். 1929 பொருளாதார வீழ்ச்சியில் தோல் விற்பனை படுத்தபோது, வேறு என்ன செய்யலாம் என்று தேடி, தோலில் அடைப்பு வளையங்கள் செய்ய ஆரம்பித்தார்கள். அங்கே வேலை பார்த்த வால்டர் ஸிம்மர் என்ற பொறியாளர் தோல் உதட்டை ஒரு உலோகக் கூட்டுக்குள் வைத்து, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங்கை மாட்டினார். உதடு தேய்ந்தாலும் ஸ்பிரிங் அதைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும். ஜெர்மனியில் ஷாஃப்ட் சீலுக்கு இன்றும் 'ஸிம்மர்ரிங்' என்றே பெயர். உங்கள் வண்டியின் பழைய சீலைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் வளையல் மாதிரி ஒரு சுருள் கம்பி தெரியும். அந்தக் கம்பிக்கு இந்த வயசு.

தோலின் குறை, சூடும் வேகமும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சூடாகச் சூடாகத் தோல் கருகி விறைத்தது. இயற்கை ரப்பரைப் போடலாமே என்றால், அது பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். 1930களில் ஐ.ஜி. ஃபார்பன் வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர்தான் வழி திறந்தது. எண்ணெயில் ஊறாத ரப்பர். ஃப்ராய்டன்பெர்க் அந்தப் பத்தாண்டிலேயே தன் சீல்களில் தோலை விட்டு அதற்கு மாறத் தொடங்கியது. இன்று முன் ஷாக்கில் இருப்பதும் பெரும்பாலும் அதே குடும்பத்து ரப்பர்தான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தாண்டிப் போக மனசில்லை. அதே ஃப்ராய்டன்பெர்க் நாஜி ஆட்சிக் காலத்தில் தோலுக்கு மாற்றாகச் செய்த செருப்பு அடிப்பாகங்களைச் சோதித்த இடங்களில் ஒன்று ஸாக்ஸன்ஹாவுசன் வதைமுகாம். அங்கே 1940-ல் போட்ட சோதனைப் பாதையில் கைதிகளை நாள் முழுக்க நடக்கவிட்டுப் பல கம்பெனிகளின் காலணிப் பொருள்களைத் தேய்த்துப் பார்த்தார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்கள் பிழைக்கவில்லை. பின்னாளில் அந்தக் கம்பெனியே தன் ஆவணங்களை ஒரு வரலாற்றாசிரியருக்குத் திறந்துவிட்டு, இதெல்லாம் புத்தகமாக வந்திருக்கிறது. தொழில்நுட்ப வரலாறு எழுதுபவர்கள் 'மாற்றுப் பொருள் ஆராய்ச்சி' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிற சமாச்சாரம் இது.

சரி, தோல் போய் நைட்ரைல் வந்த கதை மோட்டார் வண்டியோடு நிற்கவில்லை. நம்ம ஊர் அடிபம்பு வரைக்கும் வந்தது. இந்தியா மார்க் 2 அடிபம்பை 1970களில் யுனிசெஃப், சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ், சென்னையின் மெராடோ ஆய்வு நிறுவனம் எல்லாம் சேர்ந்து உருவாக்கினார்கள். அதன் சிலிண்டரில் ஏறி இறங்கும் பிஸ்டனில் இருந்தது தோல் வாஷர். தோலின் தரம் ஒரே மாதிரி இருக்காது, மணல் வேறு அரிக்கும். வாஷரை மாற்றக் குழாய் முழுவதையும் கழற்றி மேலே தூக்க வேண்டும். அதுவரை ஊர்ப் பெண்கள் குடத்தோடு பழைய கிணற்றுக்குப் போக வேண்டியதுதான். 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்த கள ஆய்வில் தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர்களைப் போட்டுப் பார்த்தார்கள்; பழுதாகிற இடைவெளி நன்றாக நீண்டது. அந்த ஆய்வின் வழியாக வந்ததுதான் மார்க் 3. இதில் நான் குறித்துக்கொண்ட விஷயம், அந்த வார்ப்பிரும்பு சிலிண்டருக்குள் பித்தளை உறை இருந்தது என்பது. வழவழப்பான, துருப்பிடிக்காத பரப்பு. வெறும் வார்ப்பிரும்பில் உரசவிட்டிருந்தால் எந்த ரப்பரும் நிலைத்திருக்காது.

ஏன் அப்படி? சீல் என்றால் எண்ணெயை முழுசாக வழித்துவிடுகிற கத்தி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி வழித்துவிட்டால் ரப்பர் காய்ந்த இரும்பில் உரசிக் கொஞ்ச நாளில் கிழிந்துவிடும். பிரிட்டனில் வைட், டென்னி இருவரும் வளையும் அடைப்புகள் பற்றி நடத்திய சோதனைகள் 1947-ல் அரசு அறிக்கையாக வந்தன. இந்தத் துறையில் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சுழலும் ஷாஃப்ட்டின் சீல் உதடு ஒரு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் ஓடுகிறது என்று 1957-ல் ஜாகர் காட்டினார். ஃபோர்க் சீலும் அதே சாதி. உதட்டுக்கும் ராடுக்கும் நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான எண்ணெய் எப்போதும் இருக்கும். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் வாக்கில் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும்.

அப்புறம் எப்படிக் கசியாமல் இருக்கிறது? உதட்டின் வடிவத்தில் இருக்கிறது சூட்சுமம். எண்ணெய் பக்கம் உதடு செங்குத்தாகவும், காற்றுப் பக்கம் சாய்வாகவும் இருக்கும். ராடு வெளியே வரும்போது செங்குத்துப் பக்கம் மிக மெல்லிய படலத்தை மட்டும் வெளியே விடும். ராடு உள்ளே போகும்போது சாய்வுப் பக்கம், விட்டதைவிடத் தடிமனான படலத்தைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும். போனது வந்துவிடும், கணக்கு நேர். நல்ல சீல் ஒரு குட்டி பம்பு மாதிரி. ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்து, அதாவது கீழே பார்த்து, இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தலைகீழாகப் போட்டால் அதே பம்பு எண்ணெயை வெளியே இறைக்கும்.

இந்தக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு டவுட்டி ஃபோர்க்கின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. விமானத்தின் இறங்குகால்கள் செய்து பேர் எடுத்த பிரிட்டிஷ் கம்பெனி டவுட்டி. போருக்குப் பின் அதே தத்துவத்தில் 'ஓலியோமேட்டிக்' என்று ஒரு மோட்டார் சைக்கிள் ஃபோர்க் செய்தார்கள். உள்ளே இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது, அழுத்திய காற்றுதான் ஸ்பிரிங். பாந்தர், வெலோசெட் போன்ற கம்பெனிகள் வாங்கிப் போட்டன. புதுசில் அருமையாக ஓடியதாம். ஆனால் சீல் தேய ஆரம்பித்தால் போவது எண்ணெய் மட்டுமில்லை, காற்றும்தான். வண்டியின் முன்பக்கம் மெல்ல மெல்லக் கீழே உட்கார்ந்துவிடும். விமானத்தின் காலை மெக்கானிக் ஒருவர் ஒவ்வொரு பயணத்துக்கும் பார்க்கிறார். தெருவில் ஓடுகிற வண்டியை யார் பார்க்கிறார்கள்? வெலோசெட் 1951-ல் இரும்பு ஸ்பிரிங் வைத்த சொந்த ஃபோர்க்குக்கு மாறிக்கொண்டது. சீலை நம்பி வண்டியை நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் காசு கொடுத்துக் கற்றது.

ஆக, ரப்பர் உதட்டுக்குத் தோலைவிட வழவழப்பான பரப்பு வேண்டும். ராடின் பரப்பில் மேடு பள்ளம் சராசரியாக 0.2 மைக்ரான் வாக்கில் இருக்கும்படி சாணை பிடிக்கிறார்கள். அது துருப்பிடிக்காமலும் கீறாமலும் இருக்கக் கடின குரோம் பூசுகிறார்கள். குரோம் முலாமை நம்பகமாகப் பூசும் முறையை 1920களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் கொண்டுவந்தார். நைட்ரைலும் கடின குரோமும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கைக்கு வந்திராவிட்டால், டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இவ்வளவு மலிவாக ஊரெல்லாம் பரவியிருக்காது என்பது என் எண்ணம்.

குரோமுக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு. முலாம் தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் கடும் நஞ்சு, புற்றுநோய் தருவது. அது மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம். ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து, சுற்றுவட்டாரக் கிணற்று நீர் மஞ்சளானது. அந்த ஆலை முக்கியமாகத் தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளுக்காக இருந்தது, முலாமுக்காக அல்ல. தோலைப் பதப்படுத்துவதும், தோலை வேலையிலிருந்து துரத்திய பளபளப்பான ராடைப் பூசுவதும் ஒரே தனிமம்தான்.

இப்போது வண்டிக்கு வருவோம். முலாமின் தடிமன் இருபது மைக்ரான் அளவில்தான். அதிலும் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இயல்பாகவே உண்டு. குரோம் துருப்பிடிக்காது. ஆனால் விரிசல் வழியே ஈரம் இறங்கினால் அடியில் உள்ள இரும்பு துருப்பிடித்து, முலாமை ஊசிமுனை அளவுக்குப் பிளந்துகொண்டு வெளியே வரும். இதைத்தான் பிட்டிங் என்கிறார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தத் துரு முனை சீலின் உதட்டைக் கீறும். உதட்டில் விழுந்த கீறல் வழியே எண்ணெய் வரும். புது சீல் போட்டால் புது சீல் கிழியும். அவ்வளவுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டு வாசலில் அப்பாவின் வண்டி டேங்க் வரைக்கும் மூழ்கி மூணு நாள் நின்றது. எஞ்சினைப் பிரித்துத் துடைத்தோம், கார்புரேட்டரைக் கழுவினோம். ராடைச் சுற்றியிருந்த ரப்பர் பூட்டை யாரும் நகர்த்திப் பார்க்கவில்லை. பூட் தூசியைத் தடுக்கும். ஆனால் கிழிந்த பூட்டுக்குள் சேறும் தண்ணீரும் போனால் வெளியே வர வழியில்லை. அதற்கப்புறம் வண்டி பல வருஷம் ஓடாமல் மூடியே கிடந்தது. ராடு அதே இடத்தில் அழுகியிருக்கிறது.

இதெல்லாம் படித்து முடித்து, மெக்கானிக் அண்ணன் கடைக்குத் திரும்பப் போனேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் வேலையை நிறுத்தாமலே "என்ன தம்பி, அதுவும் ஊத்திக்கிச்சா?" என்றார். "ஆமாண்ணே. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பூட்டைக் கீழே தள்ளினார். பஞ்சைக் கிழித்து ராடின் மேல் மேலும் கீழும் இழுத்தார். சீலுக்கு மேலே நாலு விரற்கடை தூரத்தில், உள்பக்கமாக, பஞ்சு நூல் நூலாக மாட்டிக்கொண்டது. நகத்தை வைத்து வருடினால் கையிலும் தட்டியது. கண்ணுக்கு ராடு பளபளவென்றுதான் இருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கேட்டேன். மேட்டைத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும், பள்ளம் அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு மறுபடி துரு என்றார். குரோமை எடுத்துவிட்டு மறுபடி பூசிச் சாணை பிடிக்கும் பட்டறைகள் உண்டு. ஆனால் இந்தச் சின்ன வண்டிக்கு அந்தச் செலவில் புது ராடே கிடைத்துவிடும். இரண்டு ராடும் புதுசாக வாங்கினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது அவருக்குப் பிடிக்காது.

அவர் மாற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். நான் வாசலில் செய்த தப்புகளும் அப்போது தெரிந்தன. பழைய சீலை நெம்பி எடுக்கும்போது நான் பாட்டத்தின் உள்விளிம்பைக் கீறி வைத்திருந்தேன். சீலின் வெளிப்பக்கமும் அடைக்க வேண்டியதுதானே. அவர் அந்தக் கீறலை வழித்துச் சமன் செய்தார். நெம்பும்போது அவர் அடியில் துணி வைத்துத்தான் நெம்புவாராம். ராடின் மேல் முனையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை இறுக்கிச் சுற்றி, உதட்டுக்கு எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை வழுக்கிக்கொண்டு வந்தார். முனையின் கூர் விளிம்பில் உதடு கிழிவதற்கு ஒரு நொடி போதும். நான் அதைச் செய்யவே இல்லை. பிறகு பழைய சீலைப் புது சீலின் மேல் வைத்து, சுற்றிலும் ஒரே சீராகத் தட்டி இறக்கினார். சர்க்கிளிப் அதன் பள்ளத்தில் 'டிக்' என்று உட்கார்ந்தது. இரண்டு காலிலும் அளந்து ஒரே அளவு எண்ணெய் ஊற்றினார்.

புது பூட் போடவா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, வாராவாரம் நானே துடைச்சுக்கறேன் என்றேன். சீல் காசு வாங்கவில்லை. பேக்கெட்டைக் காட்டினார். முதல் தடவை போட்ட, நான் மட்டம் என்று சொன்ன அதே சீல். போன அக்டோபரில் போட்டது, இந்த மழைக்காலமும் முடிந்துவிட்டது, கால் காய்ந்தே இருக்கிறது.